வானம் தெளிவாயிருந்த நாட்கள்



துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதென்று செய்தி வந்தவுடன் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். குடங்களில் தண்ணீர் நிரம்புகிறது. மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் தேடப்படுகின்றன. மாடியில் கிடக்கும் தகரமும் பூந்தொட்டியும் கீழே இறக்கப்படுகின்றன. இவை நல்ல காரியங்களே. ஆயினும் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்: ஒரு புயலுக்கான ஆயத்தம் உண்மையில் எப்போது தொடங்குகிறது? கூண்டு ஏறும் நாளிலா, அல்லது வானம் தெளிவாயிருக்கும் நாட்களிலா? இக்கேள்விக்கு மிகுந்த விலை கொடுத்து விடை கற்ற ஒரு நகரத்தின் வரலாற்றை இந்த வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறேன்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்கு அருகே, மெக்சிகோ வளைகுடாவின் ஓரத்தில் கால்வெஸ்டன் என்னும் நீண்ட, ஒடுங்கிய மணல் தீவு இருக்கிறது. 1900ஆம் ஆண்டில் அத்தீவின்மேல் ஏறத்தாழ 38,000 பேர் வாழ்ந்த ஒரு செல்வச் செழிப்புள்ள நகரம் நின்றது. பருத்தி ஏற்றுமதியால் வளர்ந்த துறைமுகம் அது. மின்விளக்கும் தொலைபேசியும் டிராம் வண்டியும் அங்கே இருந்தன. கடலுக்குள் மரத்தூண்கள்மேல் கட்டப்பட்ட குளியல் மாளிகைகளுக்கு உல்லாசப் பயணிகள் திரளாக வந்தார்கள். ஆனால் அந்நகரத்தின் மிக உயர்ந்த நிலப்பகுதியும் கடல் மட்டத்துக்கு மேல் 9 அடியைத் தொடவில்லை. அட்லாண்டிக் பகுதியில் ஹரிக்கேன் என்று அழைக்கப்படும் கடும்புயல்களுக்கு, நம் வங்கக் கடலின் புயல்களோடு பிறப்பால் ஒன்றேயான அந்தச் சூறாவளிகளுக்கு, அத்தீவு முற்றிலும் திறந்து கிடந்தது.

எச்சரிக்கை இல்லாமல் போயிற்றா? இல்லை. அதே கடற்கரையில், கால்வெஸ்டனுக்குத் தென்மேற்கே, இண்டியனோலா என்னும் துறைமுக நகரம் ஒன்று இருந்தது. 1875ஆம் ஆண்டின் புயல் அதைச் சிதைத்தது. தப்பியவர்கள் திரும்பக் கட்டினார்கள். 1886இல் மற்றொரு புயலும், அதனோடு மூண்ட தீயும் மிச்சமிருந்ததையும் அழித்தன. மக்கள் அந்நகரைக் கைவிட்டுப் போனார்கள். அண்டை ஊரின் அழிவைக் கண்ட கால்வெஸ்டன் மக்களிடையே, நமக்கும் ஒரு கடற்சுவர் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. சில காலம் அது பேசப்பட்டது. பின்பு வாணிபமும் வசதியும் பெருகின நாட்களில் அந்தப் பேச்சு அடங்கிப்போயிற்று. போதாக்குறைக்கு, கரையோரம் இயற்கை எழுப்பி வைத்திருந்த மணற்குன்றுகளை வெட்டி, ஊரின் பள்ளங்களை நிரப்பினார்கள். இருந்த சிறு மதிலையும் தங்கள் கைகளாலேயே அகற்றினார்கள்.

இந்த அலட்சியத்துக்கு அறிவுலகின் ஆதரவும் கிடைத்தது என்பதே வேதனையானது. அந்நகரின் வானிலை அலுவலகத்துக்கு ஐசக் கிளைன் என்பவர் தலைவராயிருந்தார். படித்தவர், கடமை தவறாதவர், மருத்துவப் பட்டமும் பெற்றவர். 1891ஆம் ஆண்டு உள்ளூர்ச் செய்தித்தாளில் அவர் எழுதிய கட்டுரையில், பெரும்புயல் ஒன்று கால்வெஸ்டனுக்குக் கேடு விளைவிக்கும் என்னும் அச்சம் ஆதாரமற்ற மயக்கம் என்று வாதிட்டார். கரையை அடுத்த கடல் ஆழமற்று மெல்லச் சரிந்திருப்பதால் அலைகளின் வலிமை வழியிலேயே உடைந்துபோகும் என்பதும் அவருடைய காரணங்களுள் ஒன்று. உண்மையோ இதற்கு நேர்மாறானது. புயற்காற்று கரையை நோக்கித் தள்ளும் நீர், ஆழமான கடலில் கீழே இறங்கி விலகிச் செல்ல இடமுண்டு. ஆழமற்ற கடலிலோ அதற்குப் போக்கிடம் இல்லை, அது மேலெழும்பியே தீரவேண்டும். எந்தக் கடற்சரிவு தங்களைக் காக்கும் என்று நம்பினார்களோ, அதுவே வெள்ளத்தை உயர்த்தும் ஏணியாயிற்று.

அன்பானவர்களே, கிளைனை எளிதில் குற்றப்படுத்திவிடாதிருப்போம். அவர் பொய் சொல்லவில்லை. தமக்குத் தெரிந்ததையே சொன்னார். ஆனால் மக்கள் கேட்க விரும்பியதும் அதுவாகவே இருந்தது. நாம் கேட்க விரும்புவதையே ஒரு நிபுணர் சொல்லும்போது, அதைச் சோதித்துப் பார்க்கும் மனம் நமக்கு எளிதில் வருவதில்லை.

இரண்டாவது எச்சரிக்கை கியூபாவிலிருந்து வந்திருக்கக் கூடும். அத்தீவின் தலைநகரான ஹவானாவில் இயேசு சபைக் குருமார் நடத்திய பெலன் கல்லூரியில் ஒரு வானிலை ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே பெனிட்டோ வின்யஸ் என்னும் குருவானவர் 1870 முதல் 1893இல் தாம் மரிக்கும் வரைக்கும் மேகங்களின் போக்கையும் காற்றின் திசையையும் நாள்தோறும் குறித்துவைத்து, புயல்களை முன்னறியும் கலையை வளர்த்தார். 1875இலேயே அவர் புயல் எச்சரிக்கை வெளியிட்டார். அவர் வழிவந்த கியூபர்கள் அதில் தேர்ந்தவர்களாயிருந்தார்கள். ஆனால் 1900ஆம் ஆண்டில் கியூபா அமெரிக்கப் படையின் ஆட்சியில் இருந்தது. அமெரிக்க வானிலைத் துறையின் மேலிடத்தார், கியூபர்கள் வீண் பீதியைக் கிளப்புகிறவர்கள் என்று எண்ணி, அவர்களுடைய வானிலைச் செய்திகள் தந்தி வழியே செல்லாதபடி தடை செய்திருந்தார்கள். செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் அந்தப் புயல் கியூபாவைக் கடந்தபோது, அது மேற்கு நோக்கி வளைகுடாவுக்குள் செல்கிறது என்று ஹவானாவில் கணித்தார்கள். அது வடக்கே திரும்பி ஃபுளோரிடா வழியாக அட்லாண்டிக் கரைக்குப் போய்விடும் என்று வாஷிங்டனில் எண்ணினார்கள். ஹவானா சொன்னதே சரியாயிற்று. கப்பல்களில் வானொலி இல்லாத காலம் அது. வளைகுடாவின் நடுவே அந்தப் புயல் எவ்வளவு கொடியதாய் வளர்ந்தது என்பதைக் கரைக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

சொல்லப்பட்டது என்ன என்பதைப் பாராமல், சொன்னவர் யார் என்று மட்டும் பார்த்துச் செவியை அடைத்துக்கொள்ளும் பாவம் பழமையானது. அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில், கைதியாய் நின்ற பவுல் இப்பயணம் சேதத்தில் முடியும் என்று எச்சரித்தார். நூற்றுக்கு அதிபதியோ மாலுமியையும் கப்பலின் உரிமையாளனையுமே நம்பினான். தென்றலும் அந்நேரம் இதமாய் வீசிற்று. அதன்பின் நடந்ததை நீங்கள் வாசித்திருக்கிறீர்கள்.

1900ஆம் ஆண்டு செப்டம்பர் 7, வெள்ளிக்கிழமை. கால்வெஸ்டனில் புயற்கொடி ஏற்றப்பட்டது. மறுநாள் சனிக்கிழமை விடியும்போது ஒரு விசித்திரம் நேர்ந்தது. காற்று வடக்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி, வீசிக்கொண்டிருந்தது. அப்படி வீசும்போது நீர் பின்வாங்க வேண்டும். ஆனால் கடல் காற்றை எதிர்த்து ஏறி வந்து, கரையோரத் தெருக்களுக்குள் புகுந்தது. கிளைன் இதைக் கண்டு கலங்கினார். வாஷிங்டனுக்குத் தந்தி அனுப்பினார். குதிரை வண்டியில் கரையோரமாய்ச் சென்று மக்களை மேட்டுப்பகுதிக்குப் போகச் சொன்னதாகப் பின்னாளில் எழுதினார். அக்கூற்றை ஐயுறும் வரலாற்றாசிரியர்களும் உண்டு.

மக்கள் என்ன செய்தார்கள்? பலர் பிள்ளைகளைக் கைப்பிடித்து அலை பார்க்கப் போனார்கள். தெருவில் ஓடிய நீரில் சிறுவர்கள் விளையாடினார்கள். தாழ்வான அந்த ஊருக்கு வெள்ளம் புதிதல்ல. எத்தனையோ முறை வந்தது, வடிந்தது. இதுவும் வடியும் என்று நினைத்தார்கள். குளியல் மாளிகைகள் அலைகளில் நொறுங்குவதைக் கண்ட பின்புதான் அச்சம் பிறந்தது. அதற்குள் பிற்பகலாகிவிட்டது. தீவை நிலத்தோடு இணைத்த பாலங்கள் எல்லாம் நீருக்கு இரையாயின. ஓட நினைத்தவர்களுக்கும் வழி இல்லை.

அன்று இரவு கடல் 15 அடிக்கு மேல் உயர்ந்து, தீவு முழுவதையும் மூடியது. கடற்கரையிலுள்ள வீடுகள் முதலில் உடைந்தன. அவற்றின் மரங்களும் இடிபாடுகளும் ஒரு நகரும் மதிலைப்போல் அலையோடு சேர்ந்து அடுத்த தெருவின் வீடுகளைத் தாக்கின. 3,600 வீடுகள் அழிந்தன. கிளைனின் வீடு உறுதியானது என்று நம்பி ஏறத்தாழ 50 பேர் அதற்குள் அடைக்கலம் புகுந்திருந்தார்கள், அதுவும் சரிந்தது. கிளைனும் அவருடைய மூன்று புதல்வியரும் தம்பியும் பிழைத்தார்கள். கர்ப்பவதியாயிருந்த அவருடைய மனைவி பிழைக்கவில்லை. அந்த இரவில் மரித்தவர்களின் தொகையை எவராலும் சரியாக எண்ண முடியவில்லை. குறைந்தது 6,000 என்றும், 8,000 என்றும், அதற்கு மேல் என்றும் கணக்கிடுகிறார்கள். அமெரிக்க வரலாற்றில் அதைவிட அதிக உயிர்களைப் பறித்த இயற்கைப் பேரிடர் வேறில்லை.

இப்போது நகருக்கு மேற்கே கரையோரம் நின்ற ஓர் இல்லத்துக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். அது புனித மரியாள் அநாதை இல்லம். நகரில் பரவிய மஞ்சள் காய்ச்சலிலிருந்து பிள்ளைகளைக் காக்க, காற்றோட்டமான கடற்கரையைத் தேடி அதை அமைத்திருந்தார்கள். ஓர் ஆபத்துக்கு விலகி, மற்றோர் ஆபத்தின் வாசலில் நின்றார்கள். அங்கே 10 கன்னியர்களும் 90க்கு மேற்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். நீர் ஏற ஏற, கன்னியர்கள் பிள்ளைகளை உறுதியான கட்டடத்தின் மாடிக்கு அழைத்துச் சென்றார்கள். அவர்கள் பயத்தை ஆற்றும்படி ஒரு பாமாலையைப் பாடச் செய்தார்கள். பின்பு துணி உலர்த்தும் கயிற்றைக் கொண்டுவந்து துண்டுகளாக்கி, ஒவ்வொரு கன்னியும் சில பிள்ளைகளைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். இரவில் அந்தக் கட்டடமும் வீழ்ந்தது. பெரிய சிறுவர்கள் மூவர் மட்டும் ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு பிழைத்தார்கள். பத்துக் கன்னியர்களும் மரித்தார்கள். பிள்ளைகளின் உடல்கள் அவர்களோடு கயிற்றால் கட்டப்பட்டபடியே கண்டெடுக்கப்பட்டன.

இதை எழுதும்போது என் கை தயங்குகிறது. அந்தக் கயிற்றைப்பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அது அன்பின் கயிறு. அதில் ஐயமே இல்லை. தங்களைக் காத்துக்கொள்ள அக்கன்னியர்கள் பிள்ளைகளை உதறவில்லை. ஆனால் அந்த மாலையில் அன்பின் கையில் எஞ்சியிருந்தது துணிக்கயிறு ஒன்றே. அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது ஒரு கடற்சுவர். அதைக் கட்டவேண்டிய அன்பு, பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, வானம் தெளிவாயிருந்த நாட்களில், நகரத்தின் ஆலோசனை அறைகளில் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. ஆகையால் ஒரு முழு நகரம் செய்யத் தவறியதை, கடைசி மணி நேரத்தில், பத்துப் பெண்கள் ஒரு கயிற்றைக்கொண்டு செய்ய முயன்றார்கள்.

அந்நகரத்தார் மற்றவரைவிடப் பாவிகளாயிருந்ததால் இது நேர்ந்ததென்று எவரும் சொல்லத் துணியவேண்டாம். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது, அப்படிப்பட்ட கணக்கை நம் ஆண்டவர் மறுத்தார். அதே இரவில் நகருக்குள்ளே உர்சுலைன் கன்னியர்களின் தடித்த சுவர்களைக்கொண்ட மடம் ஏறத்தாழ 1,000 பேருக்கு அடைக்கலமாயிற்று. அங்கே குழந்தைகளும் பிறந்தன. ஒரு மடத்தின் ஜெபம் கேட்கப்பட்டது, மற்றொன்றின் ஜெபம் தள்ளப்பட்டது என்று யார் சொல்லக்கூடும்? இரண்டு இடத்திலும் ஒரே விசுவாசம். ஒன்று நகருக்குள் தடித்த சுவர்களோடு நின்றது. மற்றொன்று அலையின் வாயில் நின்றது.

பேரழிவு மனிதரின் நற்குணத்தை மட்டுமல்ல, அவர்களுடைய அநீதியையும் வெளிப்படுத்திற்று. பிணங்களை அகற்றும் கொடிய வேலைக்குக் கறுப்பின ஆண்கள் துப்பாக்கி முனையில் இழுத்துச் செல்லப்பட்டார்கள். கடலில் இறக்கப்பட்ட உடல்கள் மீண்டும் கரைக்கே ஒதுங்கின. பல வாரங்கள் சிதைகள் எரிந்துகொண்டிருந்தன. மறுபக்கம், செஞ்சிலுவைச் சங்கத்தை அமெரிக்காவில் தொடங்கிய கிளாரா பார்ட்டன், தமது 78ஆம் வயதில் அங்கே வந்து நிவாரணப் பணியை நடத்தினார்.

அதன்பின் அந்நகரம் செய்ததை நாம் கவனிக்கவேண்டும். தீவைக் காக்கும் வழியைச் சொல்லும்படி மூன்று பொறியாளர்களை நியமித்தார்கள். அவர்களுள் ஒருவர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட். இவரை நீங்கள் அறியாமலே அறிவீர்கள். இளம் படை அதிகாரியாயிருந்தபோது ஒரு பாப்திஸ்து சபையில் நடந்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கும்படி கேட்கப்பட்டு, அதை நடத்தத் தெரியாமல் வெட்கமடைந்தார். அந்த வெட்கத்திலிருந்து பிறந்ததே 1876இல் அவர் வெளியிட்ட கூட்ட நடைமுறை விதிகள். நம் சபைக் கூட்டங்களில் தீர்மானத்தை முன்மொழிந்து, வழிமொழிந்து, வாக்கெடுக்கிற ஒழுங்கை உலகெங்கும் பரப்பிய நூல்களுள் அது முதன்மையானது. தம் தோல்வியிலிருந்து கற்றுக்கொண்ட மனிதரைத் தன் தோல்வியிலிருந்து கற்கவேண்டிய நகரம் அழைத்தது.

அவர்களுடைய ஆலோசனை இரண்டு பகுதியாயிருந்தது. முதலாவது, 17 அடி உயரமும் 5 கிலோமீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட கற்காரைச் சுவர். மணலுக்குள் ஆழமாக மரத்தூண்களை அறைந்து, அவற்றின்மேல் அதை எழுப்பினார்கள். 1904இல் அது முடிந்தது. இரண்டாவது, நகரத்தையே உயர்த்துவது. 2,000க்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகு தூக்கிகளால் மேலே தூக்கி, அடியில் கடல்மணலைக் குழம்பாகக் குழாய்வழியே செலுத்தி நிரப்பினார்கள். புனித பேட்ரிக் ஆலயம் மட்டும் 3,000 டன் எடையுள்ளது. அதை 700 தூக்கிகளைக்கொண்டு 5 அடி உயர்த்தினார்கள். அந்த நாட்களிலும் அங்கே ஆராதனை நிற்கவில்லை. வீட்டை உயர்த்தும் செலவை வீட்டாரே ஏற்றார்கள். ஆண்டுக்கணக்கில் மக்கள் பலகைப் பாலங்களின்மேல் நடந்தார்கள். சேற்று நாற்றத்தைப் பொறுத்தார்கள். உப்பு மணலில் பட்டுப்போன மரங்களுக்குப் பதிலாகப் பெண்கள் சங்கத்தார் புதிய கன்றுகளை நட்டார்கள். 1911வரை இப்பணி நீடித்தது.

1915ஆம் ஆண்டு ஆகஸ்டில், வலிமையில் முந்தியதற்கு நிகரான புயல் ஒன்று வந்தது. சுவர் நின்றது. தீவின் மற்றப் பகுதிகளிலும் நிலக்கரையிலும் பலர் மாண்டார்கள். ஆனால் ஆயிரங்களை இழந்த அந்த நகருக்குள் மரித்தவர்களை விரல்விட்டு எண்ணும்படியாயிற்று. ஆயினும் சுவரும் தற்பெருமைக்கு இடமாகக் கூடாது. 2008ஆம் ஆண்டு ஐக் என்னும் புயல் வந்தபோது, வெளியேறும்படி கட்டளை பிறந்தும் பலர் தங்கிவிட்டார்கள். நீரோ சுவர் இல்லாத மறுபுறமாகிய விரிகுடாப் பக்கத்திலிருந்து ஊருக்குள் புகுந்தது. கடந்தகாலப் புயலுக்குக் கட்டிய சுவரின் நிழலில் வருங்காலப் புயலை மறந்து உறங்கலாகாது.

அன்பான இறைமக்களே, கன்மலையின்மேலும் மணலின்மேலும் கட்டப்பட்ட இரண்டு வீடுகளின் உவமையை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். அந்த உவமையில் பெருமழையும் வெள்ளமும் காற்றும் இரண்டு வீடுகளின்மேலும் ஒன்றுபோலவே வந்தன என்பதைக் கவனித்தீர்களா? விசுவாசியின் வீட்டை விட்டுப் புயல் விலகிச் செல்லவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புயலின் நாளில் உண்டானதும் அல்ல. அஸ்திபாரம் போட்ட, வெயில் காய்ந்த ஒரு சாதாரண நாளில் அது உண்டாயிற்று. புயல் அதை வெளிப்படுத்தியது மட்டுமே. யோசேப்பும் எகிப்தின் களஞ்சியங்களைப் பஞ்சத்தில் கட்டவில்லை. விளைச்சல் பெருகிய ஏழு ஆண்டுகளில் கட்டினான். நிறைவான நாளில் குறைவின் நாளை நினைப்பது அவிசுவாசம் அன்று; அயலானை நேசிப்பதன் ஒரு வடிவம் அது.

கால்வெஸ்டனில் கன்மலை இல்லை, எங்கும் மணல்தான். நம்மில் பலருடைய நிலையும் அதுவே. பிறந்த ஊரையும் வாழும் வீட்டையும் பிழைக்கும் தொழிலையும் எளிதில் மாற்ற முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு அந்நகரத்தின் இரண்டாம் அதிகாரம் ஆறுதல் சொல்லுகிறது: மணலின்மேல் வாழ்ந்தாலும் ஆழமாகத் தூண் அறையலாம், ஒன்றுசேர்ந்தால் ஒரு நகரத்தையே உயர்த்தலாம். தனி ஒரு வீட்டாரால் கடற்சுவர் கட்ட முடியாது.

ஆகையால் மேகமில்லாத இந்த வாரத்தில் சில கேள்விகளோடு உங்களை அனுப்புகிறேன். உங்கள் தெருவில் நடக்க இயலாத முதியவர் யார்? வெள்ளம் வந்தால் அவரைத் தூக்கிச் செல்லப் போவது யார் என்று முடிவாயிற்றா? நம் ஆலயக் கட்டடம் இரவில் திறக்கப்பட வேண்டுமானால் திறவுகோல் எவரிடத்தில் இருக்கிறது? மாத்திரை இன்றி வாழ முடியாதவர்களின் பட்டியல் நம்மிடம் உண்டா? கடலுக்கு மிக அருகில் குடிசை போட்டிருக்கிறவர்களை, நம் சபையாராயிருந்தாலும் இல்லாவிட்டாலும், நாம் பெயர் சொல்லி அறிவோமா? நமக்குப் பிடிக்காத ஒருவர் எச்சரித்தால் செவிகொடுப்போமா? வரும் ஞாயிறு ஆராதனைக்குப்பின் இவற்றைக்குறித்துச் சிறிது நேரம் அமர்ந்து பேசுவோம். முன்மொழிந்து, வழிமொழிந்து, அத்தோடு விட்டுவிடாமல், செய்தும் முடிப்போம்.

காற்றையும் கடலையும் அதட்டின கர்த்தாவே, புயலின் நாளில் உம்மை நோக்கிக் கூப்பிட எங்களுக்குத் தெரியும். அமைதியான நாளில் உமது சத்தத்தைக் கேட்கவும், எங்களில் எளியவர்களை நினைவுகூரவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்கள் அன்பு கடைசி நேரத்துக் கயிறாக மட்டும் இராமல், காலத்தோடே எழும்பும் மதிலாகவும் இருக்க அருள்புரியும். ஆமென்.